பெயரைச் சுருக்கினால் வேலை கிடைத்துவிடுமா? லிங்க்ட்இன் பக்கமும் நம் பிள்ளைகளும்

விழுப்புரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு தகப்பனார் நம்மை ஓரமாக அழைத்தார். அவருடைய மகள் திண்டிவனத்தில் பி.காம். முடித்தவர். கணக்கியல் மென்பொருளும் ஜி.எஸ்.டி. தாக்கலும் படித்து, எட்டு மாதங்களாக வேலை தேடிக்கொண்டிருக்கிறார். கணினிப் பயிற்சி மையத்தில் ஒருவர் அந்தப் பெண்ணுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். லிங்க்ட்இன் பக்கத்தில் முக்காடு போட்ட படத்தை எடுத்துவிட வேண்டும், பெயரையும் இனிஷியல்களாகச் சுருக்கிவிட வேண்டும், அப்போதுதான் கூப்பிடுவார்கள் என்று. "இது கூடுமா ஹஜ்ரத்? கூடும்னா இன்னிக்கே மாத்திடச் சொல்றேன். கூடாதுன்னா அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியின் முதல் பாதிக்கு ஃபத்வா போதும். இரண்டாவது பாதிக்குப் போதாது. சில வாரங்கள் படித்தும் விசாரித்தும் பார்த்த பிறகே இதை எழுதுகிறோம்.

முதலில், அந்தப் பயிற்சி மையக்காரர் வீண் பயம் காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2022ல் லெட்பை ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஓர் ஆய்வை வெளியிட்டது. முஸ்லிம் பெண்களின் வேலைவாய்ப்புக்காக ருஹா ஷதாப் தொடங்கிய அமைப்பு அது. தகுதியில் எந்த வேறுபாடும் இல்லாத இரண்டு கற்பனைப் பெண்களை உருவாக்கினார்கள். ஒருவர் பெயர் ஹபீபா அலி, மற்றவர் பிரியங்கா சர்மா. ஆரம்ப நிலை வேலைகளாகப் பார்த்து 1,000 இடங்களுக்கு இருவர் பெயரிலும் விண்ணப்பித்தார்கள். பிரியங்காவுக்கு 208 இடங்களிலிருந்து சாதகமான பதில் வந்தது. ஹபீபாவுக்கு 103. பாதிக்குச் சற்றே குறைவு. படிப்பு ஒன்று, திறமை ஒன்று, பெயர் மட்டும் வேறு.

அந்த ஆய்வில் நம்மை உறுத்தியது இன்னொரு செய்தி. பாகுபாடு வட இந்தியாவில்தான் அதிகம் என்று நாம் மேடைகளில் பேசிப் பழகியிருக்கிறோம். அந்த அறிக்கை சொன்னது நேர்மாறானது. வடக்கில் 40 சதவீதம், மேற்கில் 59, தெற்கில் 60. தெற்கு என்றால் தமிழ்நாடு மட்டுமல்ல என்பது சரிதான். ஆனாலும் 'நம்ம ஊரில் அதெல்லாம் இல்லை' என்று கண்ணை மூடிக்கொள்ள அந்த எண் நம்மை விடவில்லை.

இது புதிதும் அல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007ல் வெளியிட்ட ஆய்வு, நாளிதழ் விளம்பரங்களைப் பார்த்து 66 வாரங்கள் விண்ணப்பம் அனுப்பி நடத்தியது. 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33 என்று கணக்கிட்டார்கள். 2015ல் மும்பையில் எம்.பி.ஏ. படித்த ஒரு முஸ்லிம் இளைஞருக்கு, முஸ்லிம் அல்லாதவர்களைத்தான் எடுப்போம் என்று ஒரு வைர நிறுவனத்திலிருந்து மின்னஞ்சலே வந்தது. பெரிய செய்தியாகி வழக்கும் பதிவானது. அப்படி எழுத்தில் தருகிறவர்கள் மிக அரிது. மற்றவர்கள் பதில் போடாமல் இருந்துவிடுவார்கள். பதில் வராததற்கு யார் மீது வழக்குப் போடுவது?

சட்டமும் இந்த இடத்தில் கை கொடுப்பதில்லை. மதத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்று அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவு சொல்வது அரசு வேலைக்கு. 2007ல் கலைஞர் ஆட்சியில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கிடைத்த 3.5 சதவீத உள் ஒதுக்கீடும் அரசுக் கல்விக்கும் அரசுப் பணிக்கும்தான். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போய் நிற்கும் தனியார் நிறுவன வாசலில் அந்த 3.5க்கு மதிப்பில்லை. அந்தக் கதவுக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்பது நம் அரசியல் தலைவர்களின் வேலை. தேர்தல் நேரத்தில் தொகுதிகளின் எண்ணிக்கைக்காகப் பேரம் பேசும் அளவுக்கு இதற்காக அவர்கள் பேசியதாக நமக்கு நினைவில்லை.

பெயர் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவிலும் இதே தவிப்பு உண்டு. கறுப்பின மாணவர்கள் தங்கள் அடையாளம் தெரியும் வரிகளை விண்ணப்பத்திலிருந்து அழித்துவிட்டு அனுப்புவதை 2016ல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. அழித்து அனுப்பியவர்களில் 25 சதவீதம் பேருக்கு அழைப்பு வந்தது, அழிக்காமல் அனுப்பியவர்களில் 10 சதவீதம் பேருக்கு. ஆக, மறைத்தால் பலன் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மார்க்கத்தின் பார்வையில், இல்லாத ஒரு பெயரை வைத்துக்கொண்டு இன்னொருவராகக் காட்டிக்கொள்வது ஏமாற்று. அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. இனிஷியலைப் போட்டுச் சுருக்குவது பொய்யாகாது. நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் இனிஷியல்களாலேயே ஊரில் அறியப்பட்டவர்கள். படம் போடுவதும் போடாததும் அந்தப் பெண்ணின் விருப்பம். போடுவதென்றால் முக்காட்டோடு போடட்டும். முக்காட்டை எடுத்துவிட்டுப் போடு என்று சொல்ல எந்த ஆலோசகருக்கும் உரிமை கிடையாது. ஆனால் நாம் அந்தத் தகப்பனாரிடம் முதலில் கேட்டது வேறு. நேர்காணலில் உட்காரும்போது உங்கள் மகள் எப்படி இருப்பார்? அதே முக்காடு, அதே முழுப்பெயர், அதே பத்தாம் வகுப்புச் சான்றிதழ். நம்மை வேண்டாம் என்று நினைப்பவன் முதல் படியில் சொல்லாததை மூன்றாவது படியில் சொல்வான், அவ்வளவுதான் வித்தியாசம். மனம் நொந்து திரும்புவதற்குப் பேருந்துக் கட்டணம் வேறு.

சுருக்குவதைவிட அவசரமான ஒரு பெயர்ச் சிக்கல் நம் வீடுகளில் இருக்கிறது. ஒரே பிள்ளைக்கு மதிப்பெண் சான்றிதழில் முகமது, ஆதாரில் முஹம்மத், பாஸ்போர்ட்டில் எம்.டி. என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கூட்டல். பெண் பிள்ளைகளுக்கோ பேகம் ஓர் ஆவணத்தில் இருக்கும், பீவி இன்னொன்றில் இருக்கும். சான்றிதழ் சரிபார்க்கும்போது நம் பிள்ளைகள் சிக்கிக்கொள்வது இங்கேதான். எது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிறதோ, அதை லிங்க்ட்இன்னிலும் விண்ணப்பத்திலும் மின்னஞ்சலிலும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த ஆய்வுகளை இன்னொரு முறை கவனமாகப் பாருங்கள். எல்லாமே முன்பின் தெரியாதவருக்கு அனுப்பிய விண்ணப்பங்கள். நூற்றுக்கணக்கில் குவிந்து கிடப்பதை ஒருவர் சில நொடிகளில் தள்ளிக்கொண்டே போகிறார். அவர் கண்ணில் முதலில் படுவது பெயர்தான். அந்தப் பெயருக்கு முன்னால், 'இந்தப் பொண்ணை எனக்குத் தெரியும், வேலை சுத்தமா இருக்கும்' என்று ஒரு குரல் போய்ச் சேர்ந்திருந்தால் கதை வேறு. பாரபட்சம் அப்போதும் ஒழிந்துவிடாது, அதன் பிடி கொஞ்சம் தளரும்.

அந்தக் குரலை எங்கே தேடுவது? மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973லேயே எழுதினார்: வேலை பற்றிய தகவல் நெருங்கிய உறவினரிடமிருந்து வருவதைவிட, எப்போதாவது பார்க்கும் அறிமுகக்காரர்களிடமிருந்தே அதிகம் வருகிறது. காரணம் எளியது. நம் மாமாவுக்கும் மச்சானுக்கும் தெரிந்தது நமக்கும் முன்பே தெரியும். லிங்க்ட்இன் தளத்திலேயே 5 ஆண்டுகளாக, 2 கோடிக்கும் அதிகமான பயனர்களிடையே நடந்த ஒரு சோதனையின் முடிவு 2022ல் சயின்ஸ் இதழில் வந்தது. அதுவும் ஏறத்தாழ இதையே சொன்னது. ரொம்ப நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத தொடர்புகளே வேலை மாறுவதற்கு அதிகம் உதவின.

நம் விழுப்புரம், திண்டிவனம் வீடுகளில் நெருங்கிய உறவுக்குப் பஞ்சமில்லை. கல்யாண அழைப்பிதழில் பெயர் போட இடம் போதாது. பஞ்சம் அந்த இரண்டாவது வட்டத்துக்குத்தான். கூடப் படித்த இந்துத் தோழி, கல்லூரியில் பாடம் எடுத்த கிறிஸ்தவப் பேராசிரியர், மூன்று வருடம் முன்பு படித்து முடித்து சென்னையில் வேலை செய்யும் சீனியர், தணிக்கையாளர் அலுவலகத்தில் ஒரு மாதம் பயிற்சி எடுத்தபோது பக்கத்து மேசையில் இருந்தவர். இவர்களோடு தொடர்பு விட்டுப்போகாமல் வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். 2003ல் தொடங்கி, 2016ல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போன லிங்க்ட்இன்னை நாம் அப்படித்தான் பார்க்கிறோம். இந்தியாவில் மட்டும் 10 கோடிக்கு மேல் கணக்குகள் இருக்கின்றன. 'விண்ணப்பி' பொத்தானை நாளைக்கு ஐம்பது முறை தட்டுவதற்கான இடமாக மட்டும் அதைப் பார்த்தால் நாம் மறுபடி அந்த 1,000 விண்ணப்பக் குவியலுக்குள்தான் போய் விழுவோம்.

நம் பிள்ளைகளின் பக்கங்கள் சிலவற்றை அவர்கள் அனுமதியோடு பார்த்தோம். பேருந்து நிலையத்துப் பக்கம் பிரவுசிங் சென்டரில் அடித்துத் தரும் பயோடேட்டாவை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். தகப்பனார் பெயர், மதம் இஸ்லாம், வகுப்பு பி.சி.எம்., திருமணமாகாதவர், வீட்டு முகவரி. அதற்கு மேலே, புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணியை நாடுகிறேன் என்று ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு வாக்கியம். மதமும் வகுப்பும் அரசு விண்ணப்பத்தில் கேட்பார்கள், அங்கே எழுதியே ஆக வேண்டும். தனியார் நிறுவனம் கேட்கவில்லை. கேட்காததை எழுதாமல் விடுவதை மறைத்தல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தலைப்பு வரி என்று ஒன்று இருக்கிறது. 220 எழுத்துகள் வரை இடம். யாராவது பெயரைத் தேடினால் பெயருக்கு அடுத்து தெரிவது அதுதான். அந்த இடத்தில் 'மாணவி' என்றோ 'வேலை தேடுகிறேன்' என்றோ மட்டும் போட்டு வீணாக்குகிறார்கள். நாம் பேசிய அந்தப் பெண், தகப்பனாரின் ஹார்டுவேர் கடையில் இரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறார். கொள்முதல், விற்பனை, மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல், பாக்கி வசூல் எல்லாம் அவர் கையில். பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது நம்ம கடை தானே ஹஜ்ரத், அதை எப்படி அனுபவம்னு போடறது?" என்றார். போட வேண்டியதே அதைத்தான். முஸ்லிம் உழைப்பாளர்களில் சுமார் 61 சதவீதம் பேர் சொந்தத் தொழில் செய்பவர்கள் என்று 2006ல் சச்சார் குழு சொன்னது. அதாவது நம் பிள்ளைகள் பாதிப்பேர் கல்லாவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள். வாடிக்கையாளரிடம் பேசத் தெரியும், கடன் சொன்னவரிடம் முகம் கோணாமல் வாங்கத் தெரியும். நிறுவனங்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொடுக்கும் விஷயங்கள் இவை. எத்தனை மாதம், எத்தனை பில், எந்த மென்பொருள் என்று எண்ணோடு எழுதினால் படிப்பவர் நிற்பார்.

தன்னைப் பற்றித் தானே எழுதுவது பெருமையடிப்பதாகாதா என்று சில பிள்ளைகள், குறிப்பாக மார்க்கப் பற்றுள்ளவர்கள், தயங்குகிறார்கள். நல்ல தயக்கம்தான். ஆனால் யூசுஃப் (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். நாட்டின் களஞ்சியங்களைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி அரசனிடம் அவர்களே கேட்டார்கள். கேட்டபோது, தாம் பாதுகாக்கத் தெரிந்தவர், விவரம் அறிந்தவர் என்று அந்த வேலைக்குத் தேவையான இரண்டு தகுதிகளை மட்டும் சொன்னார்கள். தம் அழகையோ குலப் பெருமையையோ அங்கே பேசவில்லை. தஃப்சீர் ஆசிரியர்கள் இந்த இடத்தில், தேவை இருக்கும்போது தன் தகுதியைச் சொல்வது ஆகுமானது என்று விளக்குகிறார்கள். இதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் எல்லோருக்கும் தெரியும். மேலே காய்ந்ததைப் பரப்பிவிட்டு, அடியில் நனைந்ததை வைத்திருந்தார் வியாபாரி. மூன்று நாள் இணைய வகுப்பில் உட்கார்ந்துவிட்டு 'நிபுணர்' என்று போட்டுக்கொள்ளும் பக்கங்கள் அந்தக் குவியல்தான். நேர்காணலில் உள்ளே கை விடுவார்கள்.

பரிந்துரை எழுதும் வசதி அந்தத் தளத்தில் இருக்கிறது. நமக்கு மிகவும் பிடித்த பகுதி அது, ஏனென்றால் மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது பழகிய விஷயம். ஹதீஸ் அறிவிப்பாளர்கள் ஒவ்வொருவரையும் பற்றி, இவர் நம்பகமானவர், இவர் ஞாபக மறதி உள்ளவர், இவர் சொன்னால் தனியாக ஏற்க முடியாது என்று இமாம்கள் எடைபோட்டு எழுதி வைத்தார்கள். பல்லாயிரம் மனிதர்களின் தகுதிக் குறிப்பு அது. வேண்டியவர் என்பதற்காக யாரையும் ஏற்றிச் சொல்லவில்லை. தன் தகப்பனாரையே பலவீனமானவர் என்று சொன்ன இமாம் அலீ இப்னுல் மதீனியை அந்தத் துறையில் அறியாதவர் இல்லை. இன்று நம் சமுதாயத்தில் மேலாளர்களாகவும் பேராசிரியர்களாகவும் இருப்பவர்கள், தெரிந்த ஒரு பிள்ளைக்கு நான்கு வரி உண்மையாக எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? 'நல்ல பையன்' என்று எழுதினால் பயனில்லை. 'என்னிடம் ஆறு மாதம் இருந்தான், கையிருப்புக் கணக்கில் ஒரு முறைகூடப் பிசகு வரவில்லை' என்று எழுதினால் அது சாட்சியம். சாட்சியத்தைத் தெரிந்துகொண்டே மறைப்பது பாவம் என்று நாம் பயான் செய்கிறோம். இதுவும் அந்தக் கணக்கில் வரும் என்றே நினைக்கிறோம்.

பேச்சோடு பேச்சாக, நம் ஆலிம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழு வருடம் ஓதி வெளியே வந்த இளைஞர், கூடவே தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. முடித்திருந்தாலும், அந்த ஏழு வருடத்தைத் தன் பக்கத்தில் எழுதுவதில்லை. வெட்கமா, பயமா தெரியவில்லை. அரபு மூல நூல்களை நேரடியாகப் படிக்கத் தெரிந்தவர் மொழிபெயர்ப்புக்கும், வளைகுடா நிறுவனங்களோடு கடிதப் போக்குவரத்துக்கும், வட்டியில்லா நிதி நிறுவனங்களின் ஷரீஆ தணிக்கைப் பிரிவுக்கும் தேவைப்படுபவர். அரபு வாசிப்பு, பேச்சு, மொழிபெயர்ப்பு என்று தனித்தனியாக எது எந்த அளவுக்கு வரும் என்று எழுதட்டும். நமக்கே இதை யாரும் அந்த வயதில் சொல்லித் தரவில்லை.

பெண் பிள்ளைகள் இந்தத் தளத்துக்கு வரலாமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். தொல்லை கொடுப்பவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் கட்டுப்பாடுகள் நம் கையில் இருக்கின்றன. படத்தைத் தன் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம், போடாமலும் விடலாம். பிறந்த தேதி, கைபேசி எண், வீட்டு முகவரி மூன்றும் வேண்டியதில்லை. வேலை தேடுவதை எல்லோருக்கும் காட்டும் பச்சை வளையம் இல்லாமல், ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்க வழி இருக்கிறது. வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு வந்தால் பதில் எழுதாமல் தடுத்துவிட்டுப் புகார் கொடுக்கலாம். தகப்பனாரோ அண்ணனோ கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொண்டு தாங்களே பதில் போடுவதாகச் சில வீடுகளில் கேள்விப்பட்டோம். தயவுசெய்து வேண்டாம். பேசுபவர் யாரென்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் போவதும் ஒரு வகை ஏமாற்றுதான்.

மோசடியைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. நம் பகுதி இளைஞர்களுக்கு வெளிநாடு என்றதும் கண் மலர்ந்துவிடும். தாய்லாந்தில் கணினி வேலை என்று சமூக ஊடகங்கள் வழியாக ஆள் பிடித்து, மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தி, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2022ல் அங்கிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். லிங்க்ட்இன்னில் ஒரு நிறுவனத்தின் பெயரில் செய்தி வந்தால் அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பியவரின் கணக்கு எப்போது தொடங்கியது, அந்த நிறுவனத்தில் வேறு யாரெல்லாம் அவரோடு தொடர்பில் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். வாட்ஸ்அப்புக்கு வா, பிறகு டெலிகிராமுக்கு வா என்று இழுப்பவரை நம்பாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் போய்விட்டால் 1930 எண்ணுக்கு உடனே அழையுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

வேலை சென்னையில் மட்டும்தான் என்ற நிலையும் மெல்ல மாறுகிறது. 2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 31 கோடி ரூபாயில் கட்டிய மினி டைடல் பூங்காவை முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். திண்டிவனத்தில் சிப்காட் உணவுப் பூங்கா வந்திருக்கிறது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் வேலை என்றால் பெண் பிள்ளைகளை அனுப்பப் பல தகப்பனார்கள் தயாராக இருக்கிறார்கள். ஆனால் அங்கே யார் ஆள் எடுக்கிறார்கள், யார் மனிதவள அலுவலர் என்று நம் ஜமாஅத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளிவாசல் மதரஸா கட்டடம் ஞாயிற்றுக்கிழமை மதியம் காலியாகத்தான் இருக்கிறது. ஒரு வைஃபை, இரண்டு மடிக்கணினி, வேலையில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தால் போதும். மதம் பார்க்காமல் தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைக்கலாம். அந்த இரண்டாவது வட்டம் அங்கிருந்தே உருவாகும். ஒரு வலீமாவின் பந்தல் செலவுகூட ஆகாது.

அந்தப் பெண் முழுப்பெயரையே வைத்துக்கொண்டார். படத்தைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றினார். தலைப்பு வரியில் ஹார்டுவேர் கடைக் கணக்கு ஏறியது. பேராசிரியை ஒருவர் நான்கு வரி எழுதிக் கொடுத்தார். பழைய சீனியர் ஒருவர் வழியாகப் புதுச்சேரியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்து, நேர்காணலுக்கும் போய்வந்தார். முக்காட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தையும் கேட்கவில்லையாம். ஜி.எஸ்.டி. தாக்கலில் ஒரு பிழையைக் காட்டித் திருத்தச் சொன்னார்களாம். முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தகப்பனார் நம்மைத் தேடி வருவார், துஆச் செய்துகொண்டிருக்கிறோம்.